அம்மாவுக்கு சொதி வாசனையே ஆகல, இது கீமோவா இல்ல பிடிவாதமா?

பெரம்பூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெருசா போகும், பொறுத்துக்கோங்க. அம்மாவுக்கு 63 வயசு, கேன்சருக்கு கீமோ போயிட்டிருக்கு, மூணு வாரத்துக்கு ஒரு தடவை, இதுவரைக்கும் மூணு முடிஞ்சிருக்கு. என் வீட்டுக்காரி திருநெல்வேலி பக்கம், நாங்க பரம்பரையா பெரம்பூர், எங்க வீட்ல சொதின்னா என்னன்னே தெரியாது. அவங்க ஊர்ல கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாளுங்களுக்கு போடுற ஐட்டமாம், தேங்காப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கடைசில எலுமிச்சை புழிஞ்சு இறக்குவாங்க. காரம் கம்மி, அத்தைக்கு வயித்துக்கு இதமா இருக்கும்னு அவளே யோசிச்சு செஞ்சா. மொத தடவை அம்மா தட்டையே வழிச்சு சாப்ட்டாங்க, "இத்தனை வருஷமா ஏன்டி இத பண்ணல"ன்னு வேற கேட்டாங்க. அதனால ரெண்டாவது கீமோ அன்னிக்கு காலைல அதையே செஞ்சு, கூட கொஞ்சம் தயிர் சாதமும் டப்பால கட்டி எடுத்துட்டு போனோம். மருந்து ஏத்துறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சொதி சாதம், மேல ரெண்டு வாய் தயிர் சாதம். சாயந்திரம் ஏழு மணிக்கு வாந்தி ஆரம்பிச்சது, விடிய விடிய நிக்கல.

அதுல இருந்து சொதின்னாலே ஆகல. சும்மா வேணாம்னு சொல்றது இல்ல, தேங்காப்பால் புழியுற வாசனை வந்தா ரூம் கதவை சாத்திக்கிறாங்க, கிண்ணத்தை கிட்ட கொண்டு போனா ஓங்கரிக்குறாங்க. தயிர் சாதம் மட்டும் எப்பவும் போல உள்ள போகுது. இதுல வேடிக்கை என்னன்னா அம்மாவே சொல்றாங்க, "மருந்து பண்ண வேலை தான், சொதி பாவம் என்ன பண்ணும்"னு, ஆனா அடுத்த நிமிஷம் மூக்கை பொத்திக்கிறாங்க. வீட்டுக்காரி ராத்திரி ஒரே அழுகை, "நான் செஞ்சதுன்னு தான ஆகல, தயிர் சாதம்னா மட்டும் எப்படி ஆகுது"ன்னு. எங்க அக்கா வேற போன்ல எண்ணெய் ஊத்துறா. தெரிஞ்சே ஒருத்தருக்கு உடம்பு இப்படி பண்ணுமா? இல்ல மனசுல ஏதாவது வெச்சிருக்காங்களா?

சம்பந்தம் இல்லாத விஷயம் ஒண்ணு, ஆச்சரியமா இருந்ததால சொல்றேன். நாப்பது வருஷமா அடுப்பையே பத்த வெக்காத எங்க அப்பா போன வாரம் ரசம் வெச்சாரு, அம்மா ரசம் அப்படியே, பெருங்காயம் போடுற நேரம் உட்பட. யாரும் சொல்லித் தரல.

சைதாப்பேட்டை_ஸ்லீப்பர்

ப்ரோ எனக்கு வடகறி. காலேஜ் செகண்ட் இயர்ல ஒருநாள் செட் தோசை வடகறி சாப்ட்டேன், அன்னிக்கு ராத்திரியே வாந்தி, பாத்தா மஞ்சக்காமாலை. டாக்டர் தெளிவா சொன்னாரு, இது பல வாரம் முன்னாடி எங்கயோ குடிச்ச தண்ணில வந்தது, இன்னிக்கு சாப்ட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு. புரிஞ்சுது. பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் வடகறி வாசனை வந்தா ரோடு க்ராஸ் பண்ணிடுவேன். சைதாப்பேட்டைல பொறந்துட்டு வடகறி சாப்டாதவன்னு என் கல்யாணத்துலயே கலாய்ச்சாங்க. அம்மாவை நம்புங்க.

எலிக்கூண்டு

பிடிவாதமும் இல்ல, மாமியார் மருமக பிரச்சனையும் இல்ல. சைக்காலஜி எம்எஸ்சி படிச்சப்ப எலிங்களோட ரெண்டு வருஷம் குப்பை கொட்டுனவன்ற முறையில சொல்றேன், உங்க வீட்ல நடந்தது அப்படியே பாடப்புத்தகம்.

பாவ்லோவ் நாய் கதை எல்லாருக்கும் தெரியும், மணி அடிச்சு சோறு போட்டா அப்புறம் மணிக்கே எச்சில் ஊறும். அதை வெச்சு ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை இருந்துச்சு, எதை வேணா எதோட வேணா முடிச்சு போடலாம், ரெண்டும் சில செகண்ட் இடைவெளில வந்தா போதும், திரும்பத் திரும்ப வந்தா போதும்னு. இதுல ஓட்டை போட்டவர் ஜான் கார்சியான்னு ஒரு சைக்காலஜி ஆராய்ச்சியாளர். அமெரிக்க கடற்படையோட கதிர்வீச்சு ஆய்வகம் சான் பிரான்சிஸ்கோல, அங்க எலி மேல கதிர்வீச்சு பாய்ச்சி பாத்துட்டு இருந்தாங்க. கதிர்வீச்சு ரூம்ல இருக்கும்போது எலிங்க தண்ணி குடிக்கறது குறையுது, கூண்டுக்கு திரும்புனா நல்லா குடிக்குது. கடைசில பாத்தா அந்த ரூம்ல தண்ணி பிளாஸ்டிக் பாட்டில்ல, கூண்டுல கண்ணாடி பாட்டில்ல. பிளாஸ்டிக் சுவையையும் கதிர்வீச்சால வந்த குமட்டலையும் எலி முடிச்சு போட்டுருச்சு. அப்புறம் இனிப்பு தண்ணிய வெச்சு அதை ஒழுங்கா நிரூபிச்சு 1955ல பேப்பர் போட்டாங்க.

அதை விட முக்கியமானது 1966ல. கார்சியாவும் கோலிங்கும் எலிக்கு குடுத்த தண்ணி இனிப்பு, அதுக்கு மேல ஒவ்வொரு வாய் குடிக்கும்போதும் லைட் அடிக்கும், டிக் டிக்னு சத்தம் வரும். கொஞ்சம் எலிக்கு கால்ல ஷாக், கொஞ்சம் எலிக்கு வயித்த பொரட்டுற மாதிரி. அப்புறம் தனித்தனியா டெஸ்ட் பண்ணா, ஷாக் வாங்குன எலி லைட்டுக்கும் சத்தத்துக்கும் பயப்படுது, இனிப்பை ஜாலியா குடிக்குது. வயிறு பொரட்டுன எலி இனிப்பை தொட மாட்டேங்குது, லைட்டை பத்தி கவலையே இல்ல. ரெண்டுக்கும் எல்லாமே ஒண்ணா தான் கிடைச்சுது, ஆனா வலின்னா வெளில தேடு, வயிறுன்னா வாய்க்குள்ள போனதுல தேடுன்னு உடம்பு ஏற்கனவே எழுதி வெச்சிருக்கு. அதுவும் ஒரே தடவை போதும், நடுவுல சில மணி நேரம் ஆனாலும் ஒட்டிக்கும். அம்மாவுக்கு காலைல சொதி, சாயந்திரம் ஏழு மணிக்கு வாந்தி, கரெக்டா? இதை கார்சியா சொன்னப்ப பெரிய பெரிய ஜர்னல்லாம் திருப்பி அனுப்புனாங்க. குக்கூ கடிகாரத்துல பறவை எச்சம் கிடைக்குறது எவ்ளோ சாத்தியமோ அவ்ளோ தான் இதுவும்னு ஒருத்தர் நக்கல் அடிச்சாராம்.

இப்ப உங்க வீட்டம்மா கேள்விக்கு வரேன், அது தான் நல்ல கேள்வி. ரெண்டையும் ஒரே நேரத்துல சாப்ட்டாங்க, ஏன் தயிர் சாதம் தப்பிச்சுது? ஏன்னா தயிர் சாதத்துக்கு அறுபது வருஷ சாட்சி இருக்கு. ஆயிரக்கணக்குல சாப்ட்டும் ஒண்ணும் ஆகல, அதனால உடம்பு அதை சந்தேகப்படாது. சொதி புதுசு, அப்ப தான் ரெண்டாவது தடவை. ஏரியால திருட்டு போனா போலீஸ் புதுசா குடி வந்தவனை தான முதல்ல ஸ்டேஷனுக்கு இழுக்கும்? அதே கதை. அம்மா கையால செஞ்ச தயிர் சாதம்றதால தப்பிக்கல, மருமக செஞ்சதுன்றதால சொதி மாட்டல. அன்னிக்கு உங்க அம்மாவே வாழ்க்கைல மொத தடவையா பாஸ்தா செஞ்சு சாப்ட்டிருந்தா பாஸ்தா மாட்டியிருக்கும். இதை வீட்ல சத்தமா படிச்சு காட்டுங்க.

ராயபுரம்_தல

இன்னா சார் எலிய வெச்சு மனுசனுக்கு கணக்கு போட்டுகினு. பழக்குனா எல்லாம் பழகும், சர்க்கஸ்ல யானை ஸ்டூல் மேல ஒக்காரல? என் பையன் கீரை சாப்ட மாட்டான், ஒரு கப் கீரைக்கு ஒரு கப் ஐஸ்கிரீம்னு டீல் போட்டேன், ஒரே வாரம், இப்ப தட்டு காலி. அம்மாக்கும் அதே மாரி, நாலு வாய் சொதி சாப்ட்டா பேரனோட பீச்சுக்கு கூட்டினு போறேன்னு சொல்லு, தானா சாப்டுவாங்க. இல்லன்னா கொழம்புல கலந்து குடு, தெரியவா போவுது.

எலிக்கூண்டு

தல, எதை வேணா பழக்கலாம்னு நம்பி அதை வெச்சே கம்பெனி நடத்துனவங்களே ஒரு கட்டத்துல கைய தூக்கிட்டாங்க. பிரலண்டுன்னு ஒரு புருஷன் பொண்டாட்டி, பரிசு குடுத்து மிருகங்களை பழக்குறதை ஆராய்ஞ்ச ஸ்கின்னர்கிட்ட படிச்சவங்க, விளம்பரத்துக்கும் ஷோவுக்கும் மிருகங்களை பழக்கி குடுக்குறது தான் தொழில். ரக்கூன்னு ஒரு பிராணி, பாக்க நம்ம மரநாய் மாதிரி இருக்கும், அதுக்கு காசை எடுத்து உண்டியல்ல போட கத்துக் குடுத்தாங்க, போட்டா சாப்பாடு. ஒரு காசு வரைக்கும் ஒருமாதிரி ஓடுச்சு. ரெண்டு காசு குடுத்ததும் போச்சு, ரெண்டையும் கைல வெச்சு தேய் தேய்னு தேய்க்குது, உண்டியல்ல முக்கி முக்கி எடுக்குது, உள்ள விட மாட்டேங்குது. சாப்பாடு லேட் ஆகுதுன்னு தெரிஞ்சும் விடல. ஏன்னா அது ஆத்துல நண்டு கிண்டு புடிச்சா கைல தேய்ச்சு தான் தின்னும், காசு சாப்பாட்டோட சேந்ததும் காசையும் சாப்பாடாவே நடத்த ஆரம்பிச்சுது. பன்னிய வெச்சு பண்ணா அது மரக்காசை மூக்கால மண்ணுல பொரட்டிட்டு இருந்துச்சு. 1961ல இதையெல்லாம் அவங்களே எழுதுனாங்க. யானை ஒக்காரும், ஏன்னா ஒக்காருறது யானைக்கு ஏற்கனவே தெரியும்.

ஐஸ்கிரீம் டீலுக்கும் ஒரு குட்டு இருக்கு. லியான் பர்ச்சுனு ஒரு அம்மா 1984ல சின்னப் பசங்களுக்கு கெஃபிர்னு புளிச்ச பால் மாதிரி ஒண்ணு குடுத்து பாத்தாங்க. இதை குடிச்சா உனக்கு அது தரேன்னு சொல்லி குடுத்த பசங்களுக்கு கடைசில கெஃபிர் மேல இருந்த ஆசை குறைஞ்சு போச்சு, எந்த டீலும் இல்லாம சும்மா குடுத்த பசங்களுக்கு குறையல. பரிசு குடுத்து தான் இதை சாப்ட வெக்கணும்னா அப்ப இது மோசமான ஐட்டமா தான் இருக்கணும்னு கொழந்தை கணக்கு போடுது. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட் படம் வரையுறதுல பாத்ததும் இது தான். ஸ்கெட்ச் பேனால தானா ஆசையா வரைஞ்சிட்டிருந்த நர்சரி பசங்ககிட்ட "வரைஞ்சா சர்டிபிகேட்"னு முன்கூட்டி சொன்னாங்க, ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா அந்த பசங்க தான் பேனா பக்கம் கம்மியா போறாங்க. சொல்லாம திடீர்னு சர்டிபிகேட் குடுத்த பசங்க எப்பவும் போல வரைஞ்சாங்க. சர்டிபிகேட் அதே சர்டிபிகேட் தான். தல, உங்க பையனுக்கு ஒருநாள் ஐஸ்கிரீமை நிறுத்தி பாத்துட்டு சொல்லுங்க.

பெரம்பூர் ப்ரோ, அப்பா ரசத்தை சம்பந்தம் இல்லன்னு தள்ளிட்டீங்களே, எனக்கு அது தான் இந்த போஸ்ட்லயே ருசியான விஷயம். 1930ல கலிபோர்னியால டோல்மனும் ஹான்சிக்கும் எலிய புதிர்வழிக்குள்ள விட்டாங்க. ஒரு கும்பலுக்கு தினமும் கடைசில சாப்பாடு உண்டு, அது நாளுக்கு நாள் தப்பை குறைச்சுக்குது. இன்னொரு கும்பலுக்கு பத்து நாள் ஒண்ணுமே இல்ல, சும்மா மோந்து பாத்துட்டு சுத்துது, பாத்தா எதுவும் கத்துக்காத மாதிரி தான் இருக்கு. பதினோராவது நாள் சாப்பாடு வெச்சாங்க. பன்னெண்டாவது நாளே தினமும் தின்ன எலிக்கு சமமா ஓடுது. அப்ப அந்த பத்து நாளும் வழியெல்லாம் மண்டைல ஏறிட்டு தான் இருந்திருக்கு, காட்டுறதுக்கு காரணம் இல்லாததால காட்டல. உங்க அப்பா எங்க ஒக்காந்து பேப்பர் படிப்பாரு? சமையக்கட்டு வாசல் பக்கம்னு நான் பந்தயம் கட்டுறேன்.

ராயபுரம்_தல

ஐஸ்கிரீம் இல்லாத அன்னிக்கு கீரைய பாக்க கூட மாட்றான், அது கரெக்டு தான். ஒத்துக்குறேன். ஆனா பன்னி மேட்டர் நீ சொல்லி தான் தெரியுது.

நைட்_ட்யூட்டி_அக்கா

தம்பி, நான் கேன்சர் வார்டுல பதினாலு வருஷமா நர்ஸ். இது தினமும் பாக்குறது தான், அதனால மொதல்ல உங்க வீட்டுக்காரிய தேத்துங்க.

தெரியாம கலந்து குடுக்குறது மட்டும் வேணாம். கண்டு புடிச்சிடுவாங்க, வாய்ல சுவை மாறியிருந்தாலும் மூக்கு விடாது, அப்புறம் சொதியோட சேந்து அந்த கொழம்பும் போகும், நீங்க என்ன குடுத்தாலும் சந்தேகமா பாப்பாங்க. கீமோல இருக்கும்போது சாப்பாட்டு மேல நம்பிக்கை போனா எடை இறங்கும், அதான் எங்களுக்கு பெரிய தலைவலி.

நாங்க வழக்கமா சொல்றது, கீமோ அன்னிக்கு புடிச்ச ஐட்டம், புது ஐட்டம் எதுவும் எடுத்துட்டு வராதீங்க. ஆசையா செஞ்சு கொண்டு வருவாங்க, மீன் குழம்பு, பிரியாணி, பாக்க பாவமா இருக்கும், ஆனா அந்த ஐட்டம் தான் அப்புறம் வருஷக்கணக்குல போகும். பழகுன சாதா சாப்பாடு கொஞ்சமா போதும். இன்னொரு வழி இருக்கு, எலிக்கூண்டு தம்பிக்கு தெரிஞ்சிருக்கும். சாப்ட்டு முடிச்சதுக்கும் மருந்து ஏத்துறதுக்கும் நடுவுல வழக்கமா சாப்டாத, வாசனை தூக்கலான ஒரு மிட்டாய் குடுக்குறது. போனா அது போகட்டும்னு பலிகடாவா ஒண்ணை விடுறது. வாய்ல புண்ணு இருக்கா, சுகர் இருக்கான்னு பாத்துட்டு, உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணுங்க. வாந்தி மாத்திரைய சொன்ன நேரத்துக்கு குடுங்க, வந்த அப்புறம் குடுக்கலாம்னு வெயிட் பண்ணாதீங்க. வாந்தி, குமட்டல் வரலன்னா முடிச்சும் விழாது.

சொதி நிரந்தரமா போச்சுன்னு இல்ல. கீமோ எல்லாம் முடிஞ்சு சில மாசம் போகட்டும், அவங்களா கேட்டா ஒரு ஸ்பூன்ல இருந்து ஆரம்பிங்க.

எலிக்கூண்டு

அக்கா சொன்னதுக்கு ஆதாரம் இருக்கு. ஐலீன் பெர்ன்ஸ்டீன்னு ஒருத்தவங்க 1978ல, கீமோ எடுக்குற கொழந்தைங்களுக்கு மருந்துக்கு முன்னாடி யாரும் சாப்ட்டிருக்காத ப்ளேவர்ல ஒரு ஐஸ்கிரீம் குடுத்தாங்க, அப்புறம் அந்த பசங்க அதை ஒதுக்குனாங்க. மருந்தால தான் வாந்தின்னு விவரம் தெரிஞ்ச பசங்களும் ஒதுக்குனாங்க. அப்புறம் 1987ல ப்ராபர்கும் அவங்களும் சேந்து சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவுல தேங்கா ப்ளேவர், ரூட் பீர் (பேர் தான் பீர், அது அமெரிக்க கூல்ட்ரிங்க்) ப்ளேவர் மிட்டாய் குடுத்து பாத்தாங்க. பழி மிட்டாய் மேல விழுந்து சாப்பாடு தப்பிச்சுது. உங்க அம்மாவுக்கு தேங்கா ப்ளேவர் மட்டும் வேணாம், ஏற்கனவே அந்த கேஸ் ஓடிட்டு இருக்கு.

பெரம்பூர்க்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எலிக்கூண்டு ப்ரோ பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க, அப்பா நாற்காலி சமையக்கட்டு வாசப்படிக்கு எதிர்ல தான் இருக்கு, நாப்பது வருஷமா.

இன்னொரு டவுட்டு. நாங்க ஆஸ்பத்திரிக்கு 29சி ல தான் போவோம், பெரம்பூர்லயே ஏறுறதால சீட் கிடைக்கும், வரும்போது ஆட்டோ. மூணாவது கீமோவுக்கு போனப்ப பஸ்ல நல்லா பேசிட்டே வந்தாங்க, எறங்கி ஆஸ்பத்திரி சந்துக்குள்ள திரும்புனதும் அந்த பினாயில் ஸ்பிரிட் வாசனை வந்துச்சு, உடனே ஓங்கரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஊசி கூட போடல. வயித்துக்கு சுவை மட்டும் தான் ஒட்டும்னு சொன்னீங்க, அப்ப சந்து எப்படி ஒட்டுச்சு? பஸ்ஸு ஏன் ஒட்டல?

நைட்_ட்யூட்டி_அக்கா

இதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க தம்பி. முன்கூட்டியே வர்ற வாந்தி, நாலஞ்சு தடவைக்குள்ள நெறைய பேருக்கு எட்டி பாக்கும். வந்துட்டா சாதா வாந்தி மாத்திரை அவ்வளவா கேக்காது, அதுக்கு வேற மருந்து இருக்கு, மூச்சு பயிற்சி, தசைய தளர்த்துற பயிற்சின்னு சொல்லி குடுப்பாங்க, ஆரம்பத்துலயே புடிச்சா நல்லது. எங்க வார்டுல வர்ற ஒரு அம்மா என்னை ரேஷன் கடை க்யூல பாத்துட்டு வாந்தி எடுத்தாங்க, யூனிபார்ம் கூட போடல நான். ரெண்டு பேரும் அப்புறம் சிரிச்சோம்.

எலிக்கூண்டு

செம கேள்வி ப்ரோ. சுவை மட்டும் தான் ஒட்டும்னு நான் எழுதுனது கொஞ்சம் ஓவர், ஒத்துக்குறேன். சுவை வழுக்கு மரத்துல எறங்குற மாதிரி, ஒரே தடவைல போயிடும், மத்தது ஏறணும், பல தடவை ஆகும். வாசனை சுவைக்கு பங்காளி, அதுக்கு கொஞ்சம் ஈசி. அந்தந்த உயிர் எப்படி பொழைக்குதோ அதை பொறுத்தும் மாறும். 1971ல காடையையும் எலியையும் வெச்சு பாத்தாங்க, நீல கலர் தண்ணி, புளிப்பு தண்ணி குடுத்து அப்புறம் குமட்ட வெச்சா எலி புளிப்பை மட்டும் ஒதுக்குது, காடை நீலத்தையும் ஒதுக்குது. காடை கண்ணால பாத்து பொறுக்கி தின்னுற ஜாதி, அதுக்கு கலர் தான் துப்பு.

பஸ் தப்பிச்சதுக்கு காரணம் வேற. ரெஸ்கோர்லான்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1968ல ரெண்டு கும்பல் எலிக்கு ஒரே அளவு சத்தம், அந்த சத்தத்தோட ஒரே அளவு ஷாக் குடுத்தாரு. ஒரு கும்பலுக்கு மட்டும் சத்தம் இல்லாத நேரத்துலயும் அதே கணக்குல ஷாக் வரும். அந்த எலிங்க சத்தத்துக்கு பயப்படல. சேந்து வந்துச்சான்றது மட்டும் பத்தாது, அது வந்தா அடுத்து என்ன வரும்னு ஏதாவது சேதி சொல்லணும். அம்மா 29சி ல வேற எங்கயும் போவாங்களா?

பெரம்பூர்க்காரன்

அடப்பாவி. சித்தி வீடு மயிலாப்பூர்ல, வருஷக்கணக்கா அதே 29சி ல தான் போயிட்டு வருவாங்க. கபாலி கோயிலுக்கும் அது தான். அந்த சந்துக்கு மட்டும் தான் கீமோவுக்குன்னே போறோம்.

சைதாப்பேட்டை_ஸ்லீப்பர்

அப்ப நான் வடகறிய மன்னிக்கணும்னா ஒரு ஸ்பூன்ல இருந்து ஆரம்பிக்கணுமா? யோசிச்சாலே ஒரு மாதிரி இருக்கு, அடுத்த வருஷம் பாப்போம்.

பெரம்பூர்க்காரன்

அப்டேட். நாலாவது கீமோ நேத்து முடிஞ்சுது. டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டோம், மிட்டாய் தாராளமா குடுங்கன்னாரு, முந்தின நாள் ராத்திரி போட ஒரு மாத்திரையும் எழுதி குடுத்தாரு. காலைல இட்லி ரெண்டு, அப்புறம் மருந்துக்கு முன்னாடி பைனாப்பிள் மிட்டாய் ரெண்டு, அதை செலக்ட் பண்ணது என் வீட்டுக்காரி, அம்மா ஜென்மத்துல பைனாப்பிள் தொட மாட்டாங்க, போனாலும் நஷ்டம் இல்லன்னு. சந்துல கர்ச்சீப்ல எலுமிச்ச தோலை வெச்சு மோந்துட்டே போனாங்க, லேசா ஓங்கரிச்சுது, அவ்ளோ தான். ராத்திரி ஒரே ஒரு தடவை வாந்தி.

எலிக்கூண்டு ப்ரோ எழுதுன போலீஸ் கதைய வீட்ல படிச்சு காட்டுனேன். வீட்டுக்காரி ஒண்ணும் பேசல, அம்மா தான் "நான் அப்பவே சொன்னேன்ல, அவ சொதில தப்பே இல்லன்னு"ன்னாங்க. சில மாசம் ஆனப்புறம் ஒரு ஸ்பூன் குடுன்னு அவங்களே கேட்டு வெச்சிருக்காங்க, பாப்போம்.

இன்னிக்கு காலைல இட்லி உள்ள போயிடுச்சு, மூணு. மிச்ச மிட்டாய் பாக்கெட் டிவி மேல இருந்துச்சு, "அந்த கருமத்தை கண்ணுல படாத எடத்துல வைங்கடா"ன்னு அம்மா கத்துனாங்க. அப்பா எடுத்து சட்டை பாக்கெட்ல போட்டுகிட்டாரு.